மிதக்கும் அலட்சியமும் உறங்கும் சட்டமும்

கடலோடும் கலையில் தமிழ் முஸ்லிம்களுக்குள்ள பங்கு நெடியது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து மரக்கலம் செலுத்திப் பொருளீட்டியோரின் வழிவந்தவர்கள் நம்மில் பலர். கலம் செலுத்துவோனைக் குறிக்கும் ‘மாலுமி’ என்னும் சொல்லே ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம் என்பர் மொழியறிஞர். முஅல்லிம் என்பார் கற்பிப்பவர், கற்றறிந்தவர். கல்லாதவன் சுக்கானைத் தொடலாகாது என்னும் கருத்து அச்சொல்லுக்குள்ளேயே பொதிந்து கிடக்கிறது எனலாம்.

அத்தகைய கடல் மரபுடைய நாட்டில், ஏரியிலும் காயலிலும் கழிமுகத்திலும் விடுமுறை நாள்களில் படகேறிச் சென்றோர் பிணமாக மீட்கப்படும் செய்தி அடிக்கடி வருகிறது. செய்தி வந்த மறுநாள் இரங்கல் அறிக்கையும், அடுத்த நாள் நிவாரண அறிவிப்பும், அதற்கடுத்த நாள் விசாரணை ஆணையமும் வருகின்றன. பிறகு அடுத்த படகு கவிழும் வரை அமைதி நிலவுகிறது. இந்த அமைதியைக் குறித்தே நாம் சிந்திக்க வேண்டியுள்ளது. பிணம் மிதந்த பிறகு விழித்தெழும் சட்டம், படகு மிதக்கும்போது ஏன் உறங்குகிறது?

நீரில் எழுதப்பட்ட வரலாறு

அண்டை மாநிலமாகிய கேரளத்தை முதலில் நோக்குவோம். 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகம் நோக்கிச் சென்ற அரசுப் படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கியதில் 29 பேர் மாண்டனர். அரசுப் பணிக்கான தேர்வெழுதச் சென்றோர் பலர் அப்படகில் இருந்தனர். நீதிபதி நாராயண குருப் ஆணையம் அமைந்தது. 2007 பிப்ரவரி 20 அன்று தட்டேக்காட்டில் பெரியாற்றில் சுற்றுலாப் படகு மூழ்கியதில் பள்ளிப் பிள்ளைகள் 15 பேரும் ஆசிரியர் மூவரும் இறந்தனர். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்னும் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அப்படகு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமானது. வனவிலங்குகளைக் காணும் ஆவலில் பயணிகள் ஒருபுறமாகத் திரண்டபோது படகு சாய்ந்தது என்று அப்போது சொல்லப்பட்டது. மீண்டும் ஓர் ஆணையம் அமைந்தது.

2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரை அடுத்த தூவல்தீரத்தில் நேர்ந்ததை நம் சமுதாயத்தார் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். கோடை விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமை மாலை, இருள் சூழ்ந்த வேளையில், இரண்டு தளங்கள் கொண்ட ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்தது. 22 உயிர்கள் மடிந்தன. அவர்களுள் 11 பேர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். குழந்தைகள் பலர். மீன்பிடிப் படகொன்றை உருமாற்றி உல்லாசப் படகாக்கியிருந்தனர் என்பதும், அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தனர் என்பதும் பின்னர் வெளிப்பட்டன. மீண்டும் ஓர் ஆணையம், நீதிபதி வி. கே. மோகனன் தலைமையில் அமைந்தது.

இது கேரளத்தின் குறை மட்டுமன்று. நம் தமிழகத்திலேயே 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டு ஏரியில் உல்லாசப் பயணம் சென்றோரின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில், ஹர்ணி ஏரிக்குப் பள்ளிச் சுற்றுலாவாகச் சென்ற மாணவர் 12 பேரும் ஆசிரியர் இருவரும் இறந்தனர். ஏறியவர் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் அணிவிக்கப்படவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று, மும்பைத் துறைமுகப் பகுதியில் என்ஜின் சோதனையில் ஈடுபட்டிருந்த கடற்படையின் விரைவுப் படகு, எலிபெண்டா தீவுக்குச் சென்ற ‘நீல்கமல்’ பயணிகள் படகின்மீது மோதியது. 15 உயிர்கள் பலியாயின. மோதியது ஒரு படகு. மோதப்பட்ட படகிலோ அனுமதிக்கப்பட்ட 84 பயணிகளுக்கு மாறாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். கண்மூடிச் செலுத்துதல், அளவுமீறி ஏற்றுதல் என்னும் இருவகைக் குற்றங்களும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நம் கண்முன் நின்றன.

கவிழ்வது எதனால்?

படகு கவிழ்வதற்குப் புயலும் சுழலும் வேண்டுவதில்லை. மயிலிறகாயினும் அளவு கடந்தால் வண்டியின் அச்சு தாங்காது என்று வள்ளுவர் சுட்டிய உண்மை நீரிலும் செல்லும். படகில் ஆள் ஏற ஏற, நீர்மட்டத்துக்கு மேலே எஞ்சி நிற்கும் விளிம்பின் உயரம் குறைகிறது. சிற்றலையும் உள்ளே புகும் நிலை வருகிறது. புகுந்த நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. படகு எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே பாய்ந்து சாய்வை மிகுவிக்கிறது. மேல்தளத்தில் ஆள் மிகுந்தால் படகின் எடைமையம் உயர்கிறது. அந்நிலையில் பத்துப் பேர் ஒருபுறம் நகர்ந்தாலே போதும்.

மீன்பிடிப் படகு, எடை அடியில் அமையுமாறு கட்டப்படுவது. அதன்மீது தளம் எழுப்பி நாற்காலி போட்டு மனிதரை மேலே உட்கார வைத்தால், அது பழைய படகன்று. இவை யாவும் படகுத் தொழிலில் இருப்பவர் அறிந்தவையே. அறிந்தும் செய்வதை ‘விபத்து’ என்று அழைப்பது சொல்லுக்கு நாம் செய்யும் அநீதியாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டமே இல்லை என்று கூறுவதற்கில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே இதற்கு இரு பிரிவுகள் இருந்தன. மனித உயிருக்கு ஆபத்து விளையும் வண்ணம் கலத்தைக் கண்மூடித்தனமாகவோ அலட்சியமாகவோ செலுத்துவது 280ஆம் பிரிவின்படி குற்றம். பாதுகாப்பற்ற அல்லது அளவுமீறிச் சுமையேற்றிய கலத்தில் கூலி பெற்று ஆள் ஏற்றிச் செல்வது 282ஆம் பிரிவின்படி குற்றம். இரண்டுக்கும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அலட்சியத்தால் மரணம் விளைவித்தலைக் குறிக்கும் 304-ஏ பிரிவு 1870இல் சேர்க்கப்பட்டது. அதற்கு உச்ச அளவு இரண்டாண்டுச் சிறை.

1860இல் ஆயிரம் ரூபாய் என்பது பெருந்தொகை. படகுக்காரர் ஒருவரை ஓட்டாண்டியாக்கிவிடும் தொகை. ஆனால் அத்தொகை 2024 வரை ஆயிரமாகவே நின்றது! பிற்காலத்தில் சில சுற்றுலாத் தலங்களில் ஒரு குடும்பம் ஒருமுறை படகேறி இறங்கவே அவ்வளவு பணம் ஆயிற்று. பல் விழுந்த புலிக்கு யார் அஞ்சுவார்?

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. இதன் 282ஆம் பிரிவு கண்மூடிக் கலம் செலுத்துவோருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. 284ஆம் பிரிவு அளவுமீறி ஏற்றுவோருக்கு ஐயாயிரம் ரூபாய் வரை விதிக்கிறது. சிறைத்தண்டனை இரண்டிலும் அதே ஆறு மாதம்தான். அலட்சியத்தால் மரணம் விளைவித்தலுக்கு 106ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை உண்டு. மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே செய்ததாக மெய்ப்பிக்கப்பட்டால் 105ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை சிறை விதிக்கலாம். இவையன்றி, 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி 2021இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. பதிவு, தகுதி ஆய்வு, பணியாளர் தகுதி, காப்பீடு ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது.

மரணத்துக்கான தண்டனை உயர்ந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒன்றை உற்று நோக்க வேண்டும். அளவுமீறி ஏற்றுதல் பேராசையால் செய்யும் குற்றம். கணக்குப் போட்டுச் செய்யும் குற்றம். அக்குற்றத்துக்கு ஐயாயிரம் என்பது ஏறத்தாழ ஒரு தொழிற்செலவு. தலைக்கு நூறு ரூபாய் வாங்கி, நடை ஒன்றுக்குப் பத்துப் பேரைக் கூடுதலாக ஏற்றினால், ஐந்தே நடையில் அபராதத் தொகை கைக்கு வந்துவிடும். கணக்குப் போட்டுச் செய்யும் குற்றத்தைத் தடுக்க, அந்தக் கணக்கையே பொய்யாக்கும் தண்டனை வேண்டும்.

அதைவிட முதன்மையான செய்தி வேறொன்று உண்டு. 282, 284 ஆகிய இரு பிரிவுகளும் மரணம் நேர வேண்டும் என்று சொல்லவே இல்லை. ஆபத்து விளைவிப்பதே குற்றம். அளவுமீறி ஏற்றுவதே குற்றம். பிடியாணையின்றியே காவல்துறை நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றங்கள் இவை. அதாவது, படகு கரையில் நிற்கும்போதே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஒருவரும் சாகாத நாளில், அளவுமீறி ஆள் ஏற்றியதற்காக மட்டும் ஒருவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்? சாலையில் தலைக்கவசம் அணியாதவரை நிறுத்தும் கை, படகுத்துறையில் ஏன் நீள்வதில்லை?

யாரைத் தண்டிப்பது?

படகோட்டி ஏழை; கடுந்தண்டனை அவர் குடும்பத்தை அழித்துவிடும் என்று சிலர் கூறுவர். இவ்வாதத்தைப் புறந்தள்ளுவதற்கில்லை. பல வேளைகளில் சுக்கான் பிடித்தவர் நாட்கூலிக்கு வந்தவர். “இன்னும் பத்துப் பேரை ஏற்று” என்று கரையில் நின்று சொன்னவர் வேறொருவர். ஆகவேதான் தண்டனை மேல்நோக்கிச் செல்ல வேண்டும் என்கிறோம். நம் சட்டமும் ‘ஏற்றிச் செல்பவர்’ என்று மட்டும் கூறாமல், ‘ஏற்றிச் செல்லச் செய்பவர்’ என்றும் கூறுகிறது. உடைமையாளரைப் பிடிக்கச் சொற்கள் உள்ளன. பிடிக்கும் மனம்தான் வேண்டும்.

அமெரிக்காவில் நீராவிப் படகு விபத்துகள் மலிந்த காலத்தில், 1838இல் இயற்றிய சட்டத்தில் வேர் கொண்ட ஒரு பிரிவு இன்றும் அங்கே உள்ளது. கடமை தவறி உயிர்ச்சேதம் விளைவித்தால் மாலுமிக்கு மட்டுமன்றி உடைமையாளருக்கும், ஆய்வு செய்து சான்று தந்த அலுவலருக்கும் பத்தாண்டு வரை சிறை உண்டு. 2019இல் கலிபோர்னியக் கடலில் ‘கன்செப்ஷன்’ என்னும் படகு தீப்பற்றி 34 பேர் மாண்ட வழக்கில், அதன் தலைவருக்கு 2024இல் நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்டது இப்பிரிவின்கீழ்தான். தென்கொரியாவில் 2014இல் ‘செவோல்’ கப்பல் மூழ்கி 304 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சுற்றுலாச் சென்ற பள்ளி மாணவர். கப்பல் தலைவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது; கப்பல் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியும் சிறை சென்றார்.

தானூர் வழக்கில் உடைமையாளரோடு நில்லாமல், துறைமுகத் துறை அலுவலர் இருவரும் கைது செய்யப்பட்டனர் என்பது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. தகுதிச் சான்றில் இடப்படும் கையொப்பம் வெறும் மையன்று. அதில் உயிர்கள் தொங்குகின்றன என்பதை அந்நடவடிக்கை உணர்த்திற்று. அது விதிவிலக்காக நின்றுவிடாமல் விதியாக வேண்டும்.

அரசும் தன் பொறுப்பிலிருந்து நழுவலாகாது. இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், தமிழ் பேசும் முஸ்லிம்கள் வாழும் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், 2021 நவம்பர் 23 அன்று மிதவைப் படகொன்று கவிழ்ந்து பள்ளிக் குழந்தைகள் உள்ளிட்டோர் மாண்டனர். பாலம் கட்டும் பணி நடந்துகொண்டிருந்ததால் மக்கள் அம்மிதவையை நம்பியிருந்தனர். உல்லாசத்துக்குப் படகேறுபவர் ‘வேண்டாம்’ என்று திரும்பிவிடலாம். பள்ளிக்குச் செல்லும் பிள்ளை எவ்வாறு திரும்பும்? மாற்று வழி தராமல் மக்களை ஆபத்தான படகில் ஏறச் செய்வதும் அலட்சியத்தின் ஒரு வடிவமே.

மார்க்கம் காட்டும் வழி

இத்தகைய துயரங்கள் நேரும்போது “எல்லாம் விதி” என்று கூறி அமைதியடைவோர் நம்மிடையே உண்டு. இறந்தோர் குடும்பத்துக்கு அது ஆறுதலாகலாம். குற்றம் இழைத்தவருக்கு அது கேடயமாகிவிடக் கூடாது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன்மீது பாரத்தைப் போடலாமா என்று வினவியவருக்கு அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரையை நாமறிவோம். தறியில் கட்டுவது மனிதனின் கடமை. அதன் பிறகே தவக்குல். தவறுதலாக நேர்ந்த கொலையைக்கூடத் திருக்குர்ஆன் வெறும் விதியென்று விட்டுவிடவில்லை. இறந்தவர் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகையும், இழைத்தவருக்குப் பரிகாரமும் அன்னிஸா அத்தியாயத்தில் கூறப்பட்டுள்ளன. வேண்டுமென்றே செய்யாதவனுக்கே இத்தனை பொறுப்பு என்றால், ஆபத்தை அறிந்தே ஆள் ஏற்றியவனின் பொறுப்பு எத்தகையது?

கப்பலை உவமையாக்கிய நபிமொழியொன்று ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஒரே கப்பலில் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் பயணம் செய்கின்றனர். கீழே இருப்போர் நீர் பெற ஒவ்வொரு முறையும் மேலே வர வேண்டியுள்ளது. மேலே இருப்போருக்குத் தொல்லை தராமல், தங்கள் பகுதியிலேயே ஓர் ஓட்டை இட்டுக் கொள்ளலாம் என எண்ணுகின்றனர். அவர்களைத் தடுக்காமல் விட்டால் அனைவரும் மூழ்குவர். தடுத்தால் அனைவரும் பிழைப்பர். நம் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேறில்லை. “என் படகு, என் தொழில், நீ யார் கேட்க?” என்னும் உடைமையாளர் ஓட்டையிடுபவர். “நமக்கென்ன?” என்று பார்த்திருக்கும் நாம் மேல்தளத்தில் இருப்பவர்கள்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, அளவுமீறி ஏற்றுவதற்கான அபராதம் கூடுதலாக ஏற்றப்பட்ட ஒவ்வொரு தலைக்கும் தனித்தனியே கணக்கிடப்பட வேண்டும். உரிமமும் உடனடியாக நிறுத்தி வைக்கப்பட வேண்டும். ஒரு பருவம் முழுதும் படகு கரையில் கிடக்கும் என்ற அச்சம், ஐயாயிரம் ரூபாய் தராத ஒழுக்கத்தைத் தரும்.

இரண்டாவதாக, விடுமுறை நாள்களிலும் பெருநாள், திருவிழாக் காலங்களிலும் படகுத்துறைகளில் திடீர்ச் சோதனை நடத்தி, உயிர்ச்சேதம் நேருமுன்னரே 282, 284 பிரிவுகளின்கீழ் வழக்குத் தொடுக்க வேண்டும். பத்தாண்டுச் சிறை என்றோ ஒருநாள் ஒருவருக்குக் கிடைப்பதைவிட, சிறு தண்டனை தவறு செய்யும் ஒவ்வொருவருக்கும் தவறாமல் கிடைப்பதே மிகுந்த பயன் தரும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு படகின் பக்கவாட்டிலும் ஏற்றத்தக்க ஆள்களின் எண்ணிக்கையை எட்ட நின்றும் படிக்கும்படி தமிழில் பெரிதாக எழுத வேண்டும். அமிழத்தக்க எல்லையைக் கோடாகத் தீட்ட வேண்டும். இது புதிய கருத்தன்று. அளவுமீறிச் சரக்கேற்றி மாலுமிகளைச் சாகவிட்ட கப்பல் முதலாளிகளை எதிர்த்து இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் போராடினார் சாமுவேல் பிளிம்சால். அதன் பயனாக 1876இல் கப்பல்களின் பக்கத்தில் சுமையெல்லைக் கோடு இடுவது அங்கே கட்டாயமாயிற்று. அக்கோடு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரு கோடு, எழுத்தறியாதவனையும் ஆய்வாளன் ஆக்கிவிடுகிறது!

நான்காவது கடமை நம்முடையது. தட்டேக்காட்டிலும் ஹர்ணியிலும் இறந்தவர்கள் ஆசிரியரை நம்பிச் சென்ற பிள்ளைகள். அவர்களோடு ஆசிரியர்களும் இறந்தனர். கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஒவ்வொரு நிறுவனமும், படகேறுமுன் உரிமத்தைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். தலைகளை எண்ண வேண்டும். லைஃப் ஜாக்கெட் கம்பியில் தொங்கினால் போதாது. ஒவ்வொரு மாணவரின் உடம்பிலும் வார் இறுக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் ஏற மறுக்க வேண்டும். கொடுத்த கட்டணம் போகட்டும். பிள்ளை திரும்பி வரட்டும். மாணவர்களும், “பயந்தாங்கொள்ளி” என்னும் கேலிக்கு அஞ்சி அளவுமீறிய படகில் கால் வைக்கலாகாது. மறுத்து நிற்பதற்கும் துணிவு வேண்டும்.

சமுதாயப் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கடற்கரையோர, ஆற்றங்கரையோர ஜமாஅத்துகள் பெருநாள் விடுமுறைக்கு முந்திய ஜும்ஆவில் இதைப் பற்றி இரண்டு சொற்கள் சொல்லலாம். படகுத் தொழிலில் ஈடுபட்டுள்ள நம்மவரை அழைத்து, ஹலாலான வருவாய் என்பது எடையிலும் அளவிலும் நேர்மை காப்பது மட்டுமன்று, ஏறியவர் உயிரைக் காப்பதும்தான் என்று எடுத்துரைக்கலாம். தவறு செய்பவர் நம் உறவினர் என்பதற்காக வழக்கை மூடச் சொல்லித் தூது போவதைக் கைவிடலாம். அந்தத் தூதும் கப்பலில் இடப்படும் ஓட்டைதான்.

அடுத்த விடுமுறையில் ஏதோ ஒரு துறையில், பத்துப் பேருக்கான படகில் பதினெட்டாவது ஆள் ஏறக் காலெடுத்து வைப்பார். ஒருவேளை அவர் நம் மாணவராக இருக்கலாம். கரையில் நிற்பவர்கள் நாமாகவும் இருக்கலாம். அப்போது வாய் திறந்து “நிறுத்துங்கள்” என்று சொல்லும் உறுதியை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!